செவிடன் கூட்டிப்போன வழி

அத்தியாயம் 14

மனைவிக்குக் குரல் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

குரல் நாண்களில் இரண்டு முடிச்சு, ஆறு வாரத்துக்குக் கிசுகிசுப்பாகக்கூடப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியதைப் போன வாரம் பார்த்தோம். அன்று சாயங்காலமே சுற்றுலா அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்தது. அவளுடைய வழிகாட்டி அட்டையைப் புதுப்பிப்பதற்கு முன் பரிசோதகர் ஒருவர் சனிக்கிழமை நடையில் கலந்துகொள்வார், தேதியை மாற்ற இயலாது என்று இரண்டே வரி.

பழைய நகரத்தின் தெருக்களில் பன்னிரண்டு பேரைக் கூட்டிப்போய், கதை சொல்லி, மத்தியானம் சாப்பாடு போட்டு அனுப்புவது அவள் வேலை. பதினைந்து வருடமாகச் செய்கிறாள். அட்டை போனால் அந்த வேலை போகும். அவன் குடிநீர் வாரியத்தை விட்டு ஏழு மாதம் ஆகிவிட்டது. சாப்பாடு போடுவது அவனுடைய அக்கா, அவள் வீட்டில். ஆக, ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குடும்பம் தொங்கியது.

அட்டையின் பின்பக்கத்தில் 'உதவியாளர்' என்ற கட்டத்தில் அவன் பெயர் இருந்தது. என்றைக்கோ ஒரு படிவத்தை நிரப்பும்போது காலியாக விட வேண்டாமே என்று எழுதியது. விதிப்படி, வழிகாட்டி கூடவே நடந்தால் உதவியாளர் பேசலாம்.

மனைவி இருபத்திரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். நாலு நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தான். பள்ளிக்கூடத்தில் செய்திருந்தால் எங்கேயோ போயிருப்பாய் என்று அக்கா போனில் சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பழைய நகரத்தின் வடக்கு வாசலில் பன்னிரண்டு பேரும் கூடினார்கள். பரிசோதகர் யாரென்று சொல்ல மாட்டார்கள். சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. சாம்பல் நிறத் தொப்பி போட்ட அம்மா ஒருத்தி மட்டும் நடக்கத் தோதான செருப்பு போட்டிருந்தாள், ஒரு படம்கூட எடுக்கவில்லை.

வழிகாட்டிகள் கூட்டத்துக்கு மேலே தெரியும்படி ஒரு கொடி பிடிப்பது வழக்கம். மனைவியின் மஞ்சள் துணியை அவன் தன் கம்பியின் நுனியில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். இடுப்புயர இரும்புக் கம்பி. மேல் முனையில் கிண்ணம்போல் குடைந்த மரக்குமிழ். பத்தொன்பது வருடம் கையில் இருந்தது அது. வேறு எதைப் பிடித்தாலும் கை வெறுமையாக இருந்தது.

ஆரம்பமே சரியில்லை.

மனைவி கூட்டத்தைப் பார்த்தபடி பின்னோக்கியே நடப்பாள். படிக்கட்டு, பள்ளம், சைக்கிள் எல்லாம் அவள் முதுகுக்குத் தெரியும். அவனும் அப்படி நடக்கப் பார்த்தான். இருபதாவது அடியில் தபால் பெட்டியில் மோதினான். தபால் பெட்டிக்கு எந்த ஆண்டு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவர் பல் டாக்டர். காலையிலிருந்து வாயை மூடாதவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாவது நிறுத்தத்தில் அவன் ஒரு நூற்றாண்டைத் தவறவிட்டான். பல் டாக்டர் போனைத் தட்டிப் பார்த்துத் திருத்தினார். மனைவி கண்ணை மூடித் திறந்தாள். தொப்பிக்கார அம்மா எதையோ எழுதினாள்.

நாலாவது நிறுத்தம் வணிகர் ஒருவரின் வீடு. மூன்று மாடி, மரச்செதுக்கல் மாடம். அதற்கு ஒன்றரைப் பக்கம் படித்திருந்தான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. முதல் சொல் கிடைத்தால் மிச்சம் வந்துவிடும். அந்த முதல் சொல் இல்லை.

பன்னிரண்டு பேரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். மனைவி காகிதத்தைப் புரட்டி அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"இந்த வீட்டப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றான். "இதுக்குக் கீழ என்ன இருக்குன்னு மட்டும்தான் தெரியும்."

தொப்பிக்கார அம்மாவின் பேனா நின்றது.

அவன் மஞ்சள் துணியை அவிழ்த்து மனைவி கையில் கொடுத்தான். கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் திரும்பினான். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்து. வண்டி நுழையாது, கடை கிடையாது. அது போய் முடிகிற இடத்தில் கல் பாவிய முற்றம், நாலு வீட்டுக்குப் பொதுவானது. நாலும் பூட்டிக் கிடந்தன. தெருச் சத்தம் சந்தின் முதல் வளைவிலேயே நின்றுபோயிருந்தது.

அங்கே நிறுத்தி, தன் வேலை என்னவென்று சொன்னான். பூமிக்கடியில் குழாய் உடைந்தால் மேலே தெரியாது. ஊர் அடங்கிய பிறகு தெருத்தெருவாகப் போய்க் கம்பியைத் தரையில் ஊன்றிக் காதை வைத்துக் கேட்க வேண்டும். குழாய்க்குள் ஓடும் தண்ணீர் பூனை மாதிரிச் சீறும். கசிவு இருந்தால் எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரிக் கேட்கும். சாக்கடை குழறும். கேட்டவன் சாக்குக்கட்டியால் தரையில் ஒரு பெருக்கல் குறி போடுவான். காலையில் ஆட்கள் வந்து அங்கே தோண்டுவார்கள். அவன் போட்ட குறிகளில் பத்துக்கு ஒன்பது சரியாக இருந்தது.

மிச்சம் ஒன்று எங்கே போனது என்று பல் டாக்டர் கேட்டார்.

"அதுக்குத்தான் வர்றேன்," என்றான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இந்தப் பகுதியின் பெரிய வீதியில் ஒரு சத்தம் கேட்டான். சீறலும் இல்லை, பொரியலும் இல்லை. ரொம்பப் பெரிதான ஒன்று, ரொம்ப அமைதியாகப் போவது மாதிரி. பல வருடமாக அங்கங்கே அரைகுறையாகக் கேட்டதுதான். அன்றைக்குத் தெளிவாகக் கேட்டது. பெருங்கசிவு என்று குறி போட்டான். இரண்டு நாள் வீதியை அடைத்தார்கள். நெஞ்சளவுக்குத் தோண்டினார்கள். காய்ந்த மண் வந்தது. இன்னும் பத்தடி தள்ளித் தோண்டினார்கள். அதே மண். மூன்றாம் நாள் வாரியத்தில் அவனுக்குச் செவிடன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு மாதம் சகித்துப் பார்த்தான். பிறகு அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து நாலு நாள் தூங்கினான்.

இதையெல்லாம் குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னான். மனைவிக்கே பாதி புதுச் செய்தி.

கம்பியை ஒரு வீட்டின் வாசற்படிக் கல்லில் ஊன்றி, குமிழில் காதை வைத்தான். மூச்சை நிறுத்தினான். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தான்.

"வாங்க. ஒவ்வொருத்தரா. போனை அணைச்சிடுங்க. மூச்சு விடாதீங்க."

முதலில் கூட்டத்திலிருந்த டீச்சர் வந்தாள். கம்பியை ஏதோ கடிக்கிற பிராணி மாதிரிப் பிடித்தாள். குனிந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை என்றாள். இன்னும் பொறுங்க என்றான். எழுந்தபோது கையால் வாயைப் பொத்தியிருந்தாள். என்ன கேட்டது என்று மற்றவர்கள் கேட்டதற்குத் தன் இடத்தைக் காட்டி, நீங்களே கேளுங்கள் என்று மட்டும் ஜாடை செய்தாள்.

அடுத்தவர் கேட்டுவிட்டு, காலடியைப் பார்த்து ஒரு அடி நகர்ந்து நின்றார். அடுத்தவர் இரண்டாம் முறை வரிசையில் வந்து நின்றார். பல் டாக்டர் கம்பியில் காதை வைத்து முழுசாக மூன்று நிமிடம் வாயை மூடியிருந்தார். அவர் மனைவி அணைத்த போனை மறுபடி போட்டு அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

தொப்பிக்கார அம்மா தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். வெகுநேரம் இருந்தாள். எழுந்து, இது எந்த வரைபடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். எதிலும் இல்லை என்றான். இருக்க வேண்டுமே என்றாள். இல்லையே என்றான்.

பன்னிரண்டு பேரும் பாவுகல்லின் மேல் நின்ற விதம் மாறிவிட்டிருந்தது. வந்தபோது தரை என்று நினைத்து நின்றார்கள். இப்போது கூரைமேல் நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

கடைசியாக மனைவி வந்தாள். அவன் கம்பியை நீட்டினான்.

பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அந்தக் கம்பி வீட்டு மூலையில்தான் சாய்ந்திருந்தது. தரை துடைக்கும்போது நகர்த்தி வைப்பாள். ஒரு நாளும் காதை வைத்துப் பார்த்ததில்லை. அவனும் கொடுத்ததில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முகம் முதலில் சுருங்கியது. பிறகு எல்லாத் தசையும் தளர்ந்தது. தூங்குகிறவர்களிடம் மட்டும் அவன் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறான். எழுந்து, கழுத்தில் தொங்கிய குறிப்பேட்டில் எழுதிக் காட்டினாள். *பதினஞ்சு வருஷமா இது மேலயா நடந்தேன்?*

"ஆமா."

*ஏன் என்கிட்ட சொல்லல?*

"சொன்னேன். நீ காய்கறி நறுக்கிட்டிருந்த. அவங்க தோண்டித்தான் பாத்துட்டாங்களேன்னு சொன்ன."

அவள் குறிப்பேட்டை மூடினாள். கம்பியைத் திருப்பித் தரவில்லை. அடுத்த வீட்டுப் படியில் தானே ஊன்றிக் காதை வைத்தாள். பிறகு கையை நீட்டி, இந்தப் பக்கம் என்று காட்டினாள்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு பக்கத்தையும் யாரும் தேடவில்லை. மாடங்களையும் வளைவுகளையும் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பழைய நகரத்தில் இதற்கு முன் யாரும் அப்படி நடந்திருக்க மாட்டார்கள். பத்தடிக்கு ஒரு முறை நின்று, ஒரு வாசற்படியில் கம்பியை ஊன்றி, ஒருவர் கேட்டு, சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லி, பிறகு நகர்ந்தார்கள். தச்சன் பட்டறைக்கு அடியில் சத்தம் இடப்பக்கம் வளைந்தது. மூடிக்கிடந்த அச்சகத்தின் வாசலில் அகன்றது. ரொட்டிக் கடைக்காரர் என்ன தேடுகிறீர்கள் என்று வெளியே வந்து, கேட்டு, கடையை வேலையாளிடம் விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் கூடவே வந்தார்.

யாரோ பெரிய ஆள் போட்ட வழி அது என்று அவனுக்குத் தெரிந்தது. தானாக வெட்டிக்கொண்ட ஓடை இப்படி ஓடாது. வளைவுகள் எல்லாம் ஒரே அளவில் திரும்பின. மேலே உள்ள தெருக்கள் கோணல்மாணலாக இருப்பதற்கே அதுதான் காரணம். வீடு கட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. அதன் இரு கரையையும் ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் மறந்துவிட்டு, கரைகளுக்கு நடுவிலும் கட்டினார்கள்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. ஒன்றரைக்குத்தான் அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

சத்தத்தைப் பின்பற்றித்தான் அங்கே வந்தார்கள்.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். சோறு ஆறிவிட்டது, மீன் இரண்டு முறை சூடு பண்ணியாகிவிட்டது, ஊர் சுற்றுவதற்கும் ஒரு அளவு உண்டு என்று தம்பிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பிறகு விருந்தாளிகளுக்குச் சிரித்தாள். தம்பி பெண்டாட்டியைப் பார்த்து, எத்தனை பேர் என்று கேட்டாள். கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து, இனி ஒரே கூரை வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லிப் பிரிந்ததிலிருந்து அவர்களுக்குள் இருக்கும் பேச்சு அவ்வளவுதான். மனைவி விரல்களால் பன்னிரண்டு காட்டினாள்.

சாப்பாட்டு அறையில் பெரிய பெரிய கல் பாவிய தரை. நீளமான மேஜை. கணவர் இறந்த பிறகு அக்கா இந்த அறையையும் அடுப்படியையும் வைத்துத்தான் நிமிர்ந்தாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். சோறு, கீரை, பருப்பு, வறுத்த மீன். பசியில் சோறு வேகமாகக் குறைந்தது. பிறகு பல் டாக்டர் தொடங்கினார். தான் கேட்ட சத்தத்தை வாயால் செய்து காட்டினார். மேஜை முழுக்கச் சிரிப்பு. தொப்பிக்கார அம்மாகூடச் சிரித்தாள்.

காலையில் கைவிட்டுப் போனது திரும்பி வந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது. மனைவி அவனுக்கு ஒரு துண்டு மீன் அதிகமாக வைத்தாள்.

இந்த வீட்டில் ஒரு நாளும் அவன் கம்பியை வைத்ததில்லை. கண்ட தெருவில் குத்தியதை என் வீட்டுக்குள் கொண்டுவராதே என்பது அக்காவின் சட்டம். இன்று கூட்டத்தின் நடுவே அது உள்ளே வந்துவிட்டிருந்தது. அவள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, உட்கார்ந்தபடியே நாற்காலி ஓரத்தில் ஊன்றிச் சாய்ந்து கேட்டான். சும்மா ஆசைக்குத்தான்.

தண்ணீர் பக்கத்தில் இருந்தது. இதுவரை கேட்ட எந்த இடத்தையும்விடப் பக்கத்தில்.

அதோடு இன்னொன்றும் இருந்தது.

ஒரு சின்ன உரசல். பிறகு, தண்ணீரில் எதுவோ விழும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவன் மனசுக்குள் எண்ணினான். பதினொன்று வரை எண்ணியபோது மறுபடி உரசல், மறுபடி விழுதல். பல் டாக்டர் சிரித்துக்கொண்டே நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இந்த முறை நாலில் விழுந்தது. தொடர்ந்து இரண்டு.

சரளை. தளத்துக்கும் வளைவுக்கும் நடுவே கொட்டி நிரப்பிய சரளை, கீழே உதிர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த தரையைத் தாங்குவது அதுதான்.

அல்லது எலியாக இருக்கலாம். பெருச்சாளி மண்ணைத் தள்ளினாலும் அப்படிக் கேட்கும். பத்தொன்பது வருடத்தில் இரண்டு முறை பெருச்சாளியிடம் ஏமாந்திருக்கிறான்.

இப்போது வாயைத் திறந்து, பிறகு கீழே ஒன்றுமில்லை என்று தெரிந்தால், பரிசோதகர் முன்னால் பன்னிரண்டு பேரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிய செவிடன். மனைவியின் அட்டை அங்கேயே முடிந்தது. அக்காவின் அறைக்கு இனி ஒருத்தரும் வர மாட்டார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் அரை மணியில் சாப்பிட்டு முடித்துத் தாங்களே எழுந்து போய்விடுவார்கள். இத்தனை வருடம் நின்ற தரை அரை மணி நிற்காதா?

மறுபடி காதை வைத்தான். எண்ண ஆரம்பித்தான். மூன்று.

"எல்லாரும் மெதுவா எழுந்திருங்க," என்றான். "நாற்காலிய இழுக்காம. சுவத்தோரமா நடந்து வெளிய போயிடுங்க."

சிரிப்பு நிற்க ஒரு கணம் பிடித்தது. அக்கா கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"என்னடா சொல்ற? இப்பத்தான் சோறு வெச்சேன்."

"தரை சரியில்லக்கா."

"என் வீட்டுத் தரையா?"

தொப்பிக்கார அம்மா தட்டிலிருந்து கையை எடுத்தாள். "என்ன கேட்டுச்சு உங்களுக்கு?"

"கல்லு விழுதுங்க. நமக்கு அடியில, தண்ணியில."

"நிச்சயமாத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். பெரிய வீதியில் அன்றைக்கு அப்படித்தான் சொன்னான்.

"தெரியாதுங்க," என்றான். "எலியாக்கூட இருக்கலாம். ஆனா எழுந்திருங்க."

யாரும் நகரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்காவின் முகம் சிவந்துகொண்டு வந்தது. அப்போது மனைவி எழுந்தாள். நாற்காலியைத் தரையில் உரசாமல் தூக்கி நகர்த்தினாள். சுவரோரமாக நடந்து, மேஜையின் அந்தக் கோடியில் இருந்தவர் தோளைத் தொட்டாள். ஒன்று. அடுத்தவர் தோளைத் தொட்டாள். இரண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் எண்ணுவது அவளுக்குப் பழக்கம். அந்தக் கைக்கு மறுபேச்சு கிடையாது. மூன்று, நாலு. தொட்டவர்கள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பன்னிரண்டாவது தோள் தொப்பிக்கார அம்மாவுடையது.

பதின்மூன்றாவதாக நாத்தனாரின் தோளைத் தொட்டாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஊர் சிரித்தது போதாதா, என் வீட்டிலுமா என்று தம்பியைக் கேட்டாள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்கட்டு வழியாக வெளியே போனாள். அவன் கடைசியாக வந்தான்.

ஒன்றும் ஆகவில்லை. வீடு அப்படியே நின்றது. வெயில் அடித்தது. பக்கத்துக் கொல்லையில் யாரோ துணி உதறினார்கள்.

பார்க்காமல் தீராது என்றாள் தொப்பிக்கார அம்மா.

வீட்டை விட்டுத் தள்ளி, கொல்லை மூலையில் ஒரு துவைகல் கிடந்தது. நடுவில் குழி விழுந்த பெரிய பலகைக்கல். இருபத்தாறு வருடமாக அக்கா அதில்தான் துணி துவைக்கிறாள். அவன் கம்பியை ஊன்றினான். காதை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு கடப்பாரை வந்தது. நாலு பேர் நெம்பினார்கள். கல் ஒரு சாண் நகர்ந்தது. உள்ளே இருந்து குளிர்ந்த காற்று எழுந்து எல்லோர் முகத்திலும் பட்டது. நல்ல வெயிலில் எல்லோருக்கும் சிலிர்த்தது. கல்லை முழுசாக நகர்த்தினார்கள்.

அது துவைகல் இல்லை. மூடி.

கீழே இரண்டாள் ஆழத்தில் தண்ணீர் ஓடியது. போன் வெளிச்சத்தைக் காட்டினார்கள். கண்ணாடி மாதிரித் தண்ணீர். அடியில் பாவிய கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. இரண்டு பக்கமும் செதுக்கி அடுக்கிய சுவர். மேலே வளைவு. சாந்து என்று ஒன்று எங்கேயும் இல்லை. கல்லைக் கல் பிடித்துக்கொண்டு நின்றது. வளைவுக்குப் பின் வளைவு, வெளிச்சம் எட்டுகிற வரைக்கும், அதற்கு அப்பாலும். ஒரு படகு தாராளமாகப் போகலாம். இருட்டுக்குள்ளிருந்து வந்து, அவசரமில்லாமல் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது தண்ணீர்.

யார் கட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவர் குனிந்து பார்க்க இடம் விட்டு ஒவ்வொருவராக விலகினார்கள். யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

அவனுக்கு வேறு ஒரு கணக்கு ஓடியது. பெரிய வீதியில் தோண்டியது நெஞ்சளவு. இது இரண்டாள். அன்றைக்கு இன்னும் ஒரு ஆள் ஆழம் போயிருந்தால் போதும். தன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. எட்டு மாதம் கழித்துத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தொப்பிக்கார அம்மா ஈரக் கல்லில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டு, வீட்டுப் பக்கமாக வெளிச்சத்தைக் காட்டினாள். பிறகு அவனைக் கூப்பிட்டாள். அவன் பக்கத்தில் படுத்து எட்டிப் பார்த்தான்.

சாப்பாட்டு அறைக்கு நேர் கீழே வளைவில் பாதியைக் காணோம். கற்கள் தண்ணீருக்குள் குவிந்து கிடந்தன. அதற்கு மேல் சரளை இருந்த இடம் வெறும் பொந்து. பொந்துக்கு மேலே சாப்பாட்டு அறையின் பாவுகல் அடிப்பக்கம் அப்படியே தெரிந்தது. மேஜை நின்ற இடத்துக்கு அடியில் ஒரே ஒரு வரிசைக் கல் மிச்சம் இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பிடி சரளை உதிர்ந்து விழுந்தது.

பல் டாக்டரும் படுத்துப் பார்த்தார். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"மேல் வரிசை மொத்தமும் ஆடுது," என்றார். "ஒரே ஒரு வேர் பிடிச்சிட்டிருக்கு. எங்கிட்ட வந்தா அன்னைக்கே எடுத்துடுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு இரண்டு பொறியாளர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். ஒருவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நாலு மணிக்கு வாசலில் சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள். உள்ளே மேஜைமேல் எல்லாத் தட்டுகளும் பாதி மீனும் அப்படியே இருந்தன. எடுத்துக்கொள்ள அனுமதி இல்லை. மறு உத்தரவு வரும்வரை ஒருத்தரும் நுழையக் கூடாது. எத்தனை நாள் என்று அக்கா கேட்டாள். நாள் கணக்கில் சொல்ல முடியாது என்றார்கள்.

நடை இரண்டு மணிக்கு முடிய வேண்டும். நாலரைக்கும் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடக் கிளம்பவில்லை. தெருப்படியில் உட்கார்ந்து அக்காவின் பானையிலிருந்து வெறும் சோற்றைக் கையில் வாங்கித் தின்றார்கள்.

தொப்பிக்கார அம்மாவின் முழங்கால் வரைக்கும் ஈரமும் பாசியும். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பகுதியின் வரைபடங்களுக்கு முத்திரை குத்தியவள் தான் என்று தானாகச் சொன்னாள். பிறகு மனைவியிடம் வந்தாள்.

"நடந்தது நடந்தபடிதான் நான் எழுதணும்," என்றாள். "ஒரு நூற்றாண்டு தப்பு. பன்னெண்டு நிறுத்தத்துல எட்டு விட்டுப்போச்சு. சாப்பாடு பாதியில நின்னுது. வழிகாட்டி வாயே திறக்கல."

மனைவி தலையாட்டினாள்.

"யாரும் வீட்டுக்குப் போகலன்னும் எழுதுவேன். ரெண்டையும் வெச்சு மேல இருக்கிறவங்க முடிவு பண்ணுவாங்க. தபால்ல வரும்."

அவள் போன பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது படியை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள்.

அக்கா தெருவின் எதிர்ப்பக்கத்தில் காலிப் பானையோடு நின்றாள். மாற்றுப் புடவைகூட உள்ளே. தம்பியைப் பார்க்கவில்லை. நேராகத் தம்பி பெண்டாட்டியிடம் போனாள்.

"இவன் கேட்டது சரிதான். அதுக்காக நான் இவனக் கும்பிட முடியாது," என்றாள். "எனக்குப் போக வேற எடமில்ல. உன்னத்தான் கேக்குறேன். ஒரே கூரை வேணாம்னு நானும்தான் சொன்னேன்."

அவன் வாயைத் திறக்கப் போனான். மனைவி அவன் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினாள். குறிப்பேட்டை எடுப்பாள் என்று பார்த்தான். எடுக்கவில்லை. நாத்தனார் இடுப்பிலிருந்த பானையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். மூடி மட்டும் அக்கா கையில் இருந்தது. அக்கா ஒரு நிமிடம் நின்றாள். பிறகு மூடியோடு பின்னால் போனாள்.

நாலு தெரு தள்ளி அவர்கள் வீடு. இரண்டு அறை, தரைத்தளம். அவன் வழக்கமாக நடக்கிற மாதிரிதான் நடந்தான். ஆனால் கால் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தது.

வாசலில் அக்கா நின்றுவிட்டாள். படியைப் பார்த்தாள். கல் படி. பழைய நகரத்தில் எல்லா வீட்டுக்கும் இருக்கிற அதே கல்.

"இதுக்கு அடியில என்னடா இருக்கு?"

"தெரியலக்கா. இங்க வெச்சுப் பாத்ததில்ல."

"இத்தனை வருஷமாவா?"

"வீட்டுக்கு வந்தா தூங்கத்தான் தோணும்."

"இப்ப கையிலதான இருக்கு. வெச்சுப் பாரு."

அவன் கம்பியைப் பார்த்தான். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது. சொன்னால் மூன்று பேரும் நடுத்தெருவில். உள்ளே மனைவி விளக்கைப் போட்டுவிட்டிருந்தாள். அக்காவுக்கு இடம் பண்ணக் கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு இழுப்பதை நிறுத்தி, ஒரு பக்கமாகத் தூக்கி நகர்த்துவது கேட்டது.

"நாளைக்கு," என்றான்.

கம்பியை வெளிச்சுவரில் சாய்த்துவிட்டு, அக்காவுக்கு முன்னால் அந்தப் படியில் காலை வைத்தான்.